அறுந்த இழை

எங்கள் வீட்டில் இப்போது தறி இல்லை. தறியைப் பற்றிய பேச்சு மட்டும் இருக்கிறது. என் பெற்றோர் குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர்கள். கூலி கட்டாமற்போகவே, எனக்கு ஆறு வயதாக இருந்தபோது சித்தூருக்குக் குடிவந்தோம். அப்பாவுக்கு வெல்ல மண்டியில் எடை போடும் வேலை கிடைத்தது. அம்மா வீட்டிலேயே ஒரு தையல் எந்திரத்தை வைத்துக்கொண்டு ரவிக்கை தைத்தும் புடவைக்கு ஓரம் அடித்தும் குடும்பத்தைத் தாங்கினார். நான் பள்ளியில் தெலுங்கு படித்தேன். கல்லூரியில் ஆங்கிலத்தில் அறிவியல் படித்தேன். தமிழ் எழுத்தை மட்டும் அம்மாவே பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் கற்பித்தார். இன்று திருப்பதியில் உயிர்வேதியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவியாக இருக்கிறேன்.

நம் மன்ற இதழுக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். அறுந்துபோன டி.என்.ஏ.வை உயிரணு எவ்வாறு மீண்டும் சேர்த்துக்கொள்கிறது என்பதைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மாவை விட்டுவிட்டு இதை எழுத என்னால் இயலாது என்று தெரிந்தது. ஆகவே அன்பர்கள் என் வீட்டுக் கதையையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு அம்மாவின் இடப்பக்க மார்பில் ஒரு கட்டி கண்டது. புற்றுநோய் என்றார்கள். அறுவை நடந்தது. மருந்து ஏற்றினார்கள். அதன் பின்னர்க் கதிர் மருத்துவம். எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். வாரத்தில் 5 நாளாக 5 வாரம், மொத்தம் 25 முறை வைக்கவேண்டும் என்று திருப்பதி மருத்துவமனையில் குறித்துக் கொடுத்தார்கள்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அப்பாவுக்கும் பள்ளியில் படிக்கும் தம்பிக்கும் சமைத்து வைத்துவிட்டு அம்மா காலை பஸ்ஸில் புறப்படுவார். நான் விடுதியிலிருந்து பஸ் நிலையத்திற்குச் சென்று அழைத்துக்கொண்டு போவேன். அம்மா அந்த எந்திரத்தின் கீழே படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்களே. அதற்காகப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. 2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திர அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "சீட்டுக்குக் காசு இல்லை கண்ணு, நாளுக்குக் காசு உண்டே" என்பார் அம்மா. தைக்காத நாள் கூலி இல்லாத நாள் அன்றோ?

முதல் வாரத்திலேயே, சந்திரகிரிக் கோட்டை தெரியும் இடத்தில் பஸ் வரும்போது ஒரு கேள்வி தோன்றியதாம். என்னைக் கண்டதும் கேட்டார்: "இருபத்தைந்து நாள் வைப்பதை ஒரே நாளில் வைத்துவிட்டால் என்ன? இத்தனை நாள் அலைய வேண்டாமே!"

நல்ல கேள்வி. அதற்கான விடையை அதற்கு முந்திய மாதந்தான் தேர்வில் 8 பக்கம் எழுதியிருந்தேன். ஆயினும் நான் அம்மாவுக்குச் சொன்ன மறுமொழி இதுதான்: "டாக்டருக்குத் தெரியாதா, அம்மா? பேசாமல் வா."

அம்மா அதன் பின் கேட்கவில்லை. 14 நாள் பேசாமலே வந்தார். 15-ஆம் நாள் வரவில்லை.

பஸ் நிலையத்தில் மூன்று பஸ்கள் வந்து போகும்வரை நின்றேன். தொலைபேசியில் அழைத்தேன். "இன்றைக்கு வரவில்லை, கண்ணு. நாளைக்கும் வரமாட்டேன். போதும்" என்றார். மறுநாள் எனக்குச் செய்முறைத் தேர்வு. அதை முடித்துக்கொண்டு அன்று மாலையே சித்தூருக்குப் புறப்பட்டேன்.

அம்மா சேலையை விலக்கிக் காட்டினார். மார்பும் அக்குளும் கருத்திருந்தன. அக்குள் மடிப்பில் தோல் உரிந்து நீர் கசிந்தது. 14 நாளும் பக்கத்திலேயே இருந்தவள் நான். அதைப் பார்க்கவில்லை. "புண்ணை ஆறவிடாமல் அதன் மேலேயே சுடுகிறார்கள். வைப்பதாக இருந்தால் ஒரேயடியாக வைத்துத் தொலைக்கட்டும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக என்னால் ஆகாது" என்றார். அடுத்த வீட்டு அம்மாள் வேறு, கரண்டினாலேயே புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்கள். அவற்றை அடுக்கினால் அம்மாவுக்கு என்ன பயன்? தேர்வுத் தாளில் ஓடிய பேனா வீட்டு வாசலில் நின்றுவிட்டது. கடைசியில் நானே ஒரு கேள்வி கேட்டேன்.

"பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வாய், அம்மா?"

"என்ன செய்வது? தறியை நிறுத்துவோம். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு முனையையும் சேர்த்துத் திரிப்போம். முனை பிசிறடித்திருந்தால் கிள்ளிவிட்டுத் திரிப்போம். நூல் கொஞ்சம் குறையும்."

"கட்டம் போட்ட லுங்கியில் நாலைந்து இழை சேர்ந்தாற்போல் அறுந்து தொங்கினால்?"

"அப்போது பக்கத்துக் கட்டத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். எந்த நிறம், எத்தனை இழை என்று பார்த்து அதேபோலச் சேர்க்கவேண்டும். பார்க்காமல் சேர்த்தால் கட்டம் கெட்டுவிடும்."

"உன் உடம்பு இரவெல்லாம் இந்த இரண்டையுந்தான் செய்துகொண்டிருக்கிறது" என்றேன்.

அம்மாவுக்குச் சொன்னதை அன்பர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் உடலின் பெரும்பாலான வகை உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. 46 நிறக்கோல்களாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது இருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவே. ஒன்றையொன்று முறுக்கிய இரண்டு புரிகளால் ஆனது அந்த இழை. ஒரு புரி மட்டும் அறுந்தால் பெரிய தொல்லை இல்லை. மறு புரி முனைகளைப் பிடித்து வைத்திருக்கும். அதைப் பார்த்தே சரிசெய்துகொள்ளலாம். இரண்டு புரிகளும் ஓரிடத்தில் அறுந்தால்தான் பேரிடர். முனைகள் விலகிப்போகலாம், வேறு நிறக்கோலின் முனையோடு தவறாக ஒட்டிக்கொள்ளவும் கூடும். சேராமல் விட்ட உடைவு ஒன்றே ஓர் உயிரணுவைக் கொல்லப் போதுமானதாகலாம்.

கதிர் மருத்துவம் இந்த உடைவைத்தான் நம்பியிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 2 கிரே என்னும் அளவு கதிர் வைத்தார்கள். அதனால் ஓர் உயிரணுவில் ஏறக்குறைய 40 முதல் 80 வரை இரட்டை உடைவுகள் நேரும். புற்றுநோய் அணுவிலும் நேரும். கதிரின் பாதையில் உள்ள நல்ல அணுவிலும் நேரும். கதிருக்கு நல்லது கெட்டது தெரியாது. அப்படியானால் நல்ல அணுவைக் காப்பது எது? பழுது பார்க்கும் திறமும், பழுது பார்க்கக் கிடைக்கும் நேரமுமே.

உடைவு நேர்ந்த சில நிமிடங்களிலேயே உயிரணு அதைக் கண்டுகொள்கிறது. உடைந்த இடத்தைச் சுற்றியுள்ள எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் ஓர் அடையாளம் இடுகிறது. அந்த அடையாளத்தை ஒளிரும் சாயங்கொண்டு நுண்ணோக்கியில் புள்ளிகளாகக் காணலாம். இப்படி அடையாளம் இடப்படுவதை 1998-இல் அமெரிக்காவில் வில்லியம் பானர் குழுவினர் கண்டறிந்தனர். பின்னர் இரண்டு வழிகளில் பழுது பார்க்கப்படுகிறது.

முதல் வழி, முனையோடு முனையைச் சேர்ப்பது. 'கு' என்னும் புரதம் வளையம்போல ஒவ்வொரு முனையிலும் ஏறிக்கொள்கிறது. அது வேறு புரதங்களை அழைத்து முனைகளை அருகருகே கொண்டுவருகிறது. பிசிறு இருந்தால் ஒரு நொதி கிள்ளுகிறது. லைகேஸ் 4 என்னும் நொதி ஒட்டுகிறது. விரைவான வேலை, எந்த நேரத்திலும் செய்யலாம். கிள்ளும்போது சில எழுத்துகள் போய்விடலாம் என்பதே குறை. அம்மா சொன்னாரே, 'நூல் கொஞ்சம் குறையும்' என்று, அதுதான்.

அந்தக் 'கு' என்ற பெயர் எப்படி வந்தது என்பதையும் அம்மாவுக்குச் சொன்னேன். 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் கொண்டு அந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். அந்த நோயாளியின் பெயரின் முன்னெழுத்தையே புரதத்திற்கு இட்டார்கள். "நோயாளி பேரையா வைத்தார்கள்?" என்று அம்மா வியந்தார். அன்று மாலை அவர் முகத்தில் முதன்முதலாகத் தெளிவு வந்தது அப்போதுதான்.

எழுத்துகள் போவது எப்போதும் இழப்பு என்றும் சொல்வதற்கில்லை. கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை ஆக்கும் வெள்ளணுக்கள், தம் மரபணுவைத் தாமே வெட்டி, துண்டுகளை மாற்றி அடுக்கி, இதே வழியில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டில் எழுத்துகள் கூடுவதும் குறைவதுமே எண்ணற்ற வகைகளைத் தருகின்றன. எதிர்ப்பொருள்களின் இந்தப் பன்மைக்குக் காரணத்தைக் கண்டு சொன்ன சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் வழி, பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துச் சேர்ப்பது. உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்துக்கொள்கிறது. படியெடுத்த பிறகு ஒவ்வொரு நிறக்கோலுக்கும் அருகிலேயே அதன் உடன்பிறப்பு இருக்கும். அப்போது உடைவு நேர்ந்தால் அறுந்த முனையில் ஒரு புரியை நீளமாகச் சீவிவிட்டு, மற்றதன்மேல் ராட் 51 என்னும் புரதத்தை வரிசையாக ஏற்றுகிறது. அந்தப் புரி பக்கத்து நிறக்கோலில் தனக்கு ஒத்த இடத்தைத் தேடிக் கண்டு, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்பிக்கொள்கிறது. பிழை மிக அரிது. ஆனால் நேரம் மிகுதி. அருகில் ஒரு நல்ல படியும் இருக்கவேண்டும். இது எவ்வாறு நிகழக்கூடும் என்பதை 1983-இல் ஷோஸ்டாக், ஆர்-வீவர், ராத்ஸ்டீன், ஸ்டால் ஆகிய நால்வர் விளக்கிக் காட்டினர்.

"ஒன்று சொல்லு" என்று இடைமறித்தார் அம்மா. "தறியை ஓட்டிக்கொண்டே பிணைக்க முடியாது. நிறுத்தினால்தான் முடியும். உடம்பில் யார் நிறுத்துவது?"

நான் சொல்ல மறந்ததை அம்மா கேட்டுவிட்டார். உடைவு கண்டதும் நல்ல உயிரணு தன் பிரியும் வேலையை நிறுத்திவிடுகிறது; பழுது தீர்ந்த பின்பே தொடர்கிறது. புற்றுநோய் அணுக்கள் பலவற்றில் அந்த நிறுத்தும் கட்டை பழுதாகியிருக்கும். அறுந்த இழையோடு தறியை ஓட்டுகின்றன. பிரியும்போது நிறக்கோல்கள் சிதைந்து மடிகின்றன. அதனால்தான் கதிரைச் சிறு சிறு பங்காகப் பிரித்து வைக்கிறார்கள். நல்ல அணுக்கள் இன்றைய உடைவுகளில் பெரும்பாலானவற்றைச் சில மணி நேரத்திலேயே சேர்த்துவிடும். மறுநாள் பஸ் ஏறுவதற்குள் பெரும்பகுதி தேறிவிடும். புற்றுநோய் அணுக்களுக்கு அந்த அளவுக்குத் தேற முடிவதில்லை. 25 நாளில் வைப்பதை ஒரே நாளில் வைத்தால் இரண்டும் ஒன்றாக மடியும். மார்பின் தோலும் தசையும் தாங்கா. கொஞ்சம் கூடுதலான பங்காக 15 நாளில் முடிக்கும் முறையும் இன்று பல இடங்களில் உண்டு. அதிலும் இடையில் ஓர் இரவு கட்டாயம் உண்டு.

இது வெறும் ஊகம் அன்று. 1959-இல் அமெரிக்காவில் மார்ட்டிமர் எல்கைண்டு, ஹாரியட் சட்டன் என்னும் இருவர், ஆம்ஸ்டர் என்ற எலியின் உயிரணுக்களை வளர்த்து, கதிரை ஒரே தடவையாகவும், இடைவெளி விட்டு இரண்டு தடவையாகவும் வைத்துப் பார்த்தனர். மொத்த அளவு ஒன்றே. இடைவெளி விட்டபோது பிழைத்த அணுக்கள் மிகுதி. இடையில் அவை பழுது பார்த்துக்கொண்டன என்பது அதனால் தெளிவாயிற்று.

என் தொலைபேசியில் இரண்டு படங்கள் இருந்தன. என் செய்முறை ஆய்வுக்காக, டி.என்.ஏ.வை அறுக்கும் பிளியோமைசின் என்னும் மருந்தை உயிரணுக்களுக்கு இட்டு, பின் கழுவிவிட்டு எடுத்தவை. அரைமணி நேரத்தில் எடுத்த படத்தில் ஒவ்வோர் உட்கருவிலும் பச்சைப் புள்ளிகள் மொய்த்திருக்கும். ஒரு நாள் கழித்து எடுத்த படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அம்மா இரண்டையும் மாற்றி மாற்றி நெடுநேரம் பார்த்தார்.

"அந்த அம்மாள் சொன்னது?" என்று கேட்டார். கதிரால் பிற்காலத்தில் புற்றுநோய் வரச் சிறு வாய்ப்பு உண்டு என்பதை மறைக்காமல் சொன்னேன். இப்போது உள்ள நோயை விட்டுவைப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது என்பதையும் சொன்னேன். கதிர் படாத உடலிலும் உடைவுகள் நாள்தோறும் நேர்கின்றன. கேரளக் கடற்கரையில் நீண்டகரை முதல் புறக்காடு வரை மணலில் தோரியம் கலந்திருப்பதால் மற்ற இடங்களைவிடக் கதிர் மிகுதி. நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலும் அவ்வகையே. அந்தக் கேரள மக்களின் இரத்த அணுக்களைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்தபோது இரட்டை உடைவுகள் மிகையாகக் காணப்படவில்லை என்று 2016-இல் எழுதினர். சிறிய அளவோடு வருவதை உடல் அவ்வப்போது சரிசெய்துகொண்டே இருக்கிறது.

வாசற்படியில் உட்கார்ந்து இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, பாப்பா."

எனக்கு மறுமொழி இல்லை. கதிர் மருத்துவத்தை நடுவில் நிறுத்தினால் எஞ்சிய புற்றுநோய் அணுக்கள் மீண்டும் பெருக இடமாகும். அதுவும் எனக்குத் தெரிந்ததே. தெரிந்ததைச் சொல்லாமல் 'பேசாமல் வா' என்ற என் சொல்லால் இரண்டு நாள்கள் போயின.

மறுநாட்காலை அம்மா என்னோடு பஸ் ஏறினார். புண்ணுக்கு மருந்து தந்தார்கள். விடுபட்ட நாள்களைக் கணக்கிட்டு இறுதியில் சேர்த்துக்கொண்டார்கள். 25 முறையும் முடிந்தன. அதன் பின் ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டதும் அம்மா சொன்ன சொல், "நேற்றையது பிணைந்துவிட்டது" என்பதே.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

அம்மாவுக்கு ஐம்பது வயதாகுமுன் நோய் வந்தது; பாட்டியும் இதே நோயில் இறந்தவர். ஆகவே மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்திருந்தார்கள். கதிர் மருத்துவம் முடிந்த மறுவாரம் முடிவு வந்தது. பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுவில் இரண்டு எழுத்துகள் இல்லை.

அன்பர்களே, ராட் 51 புரதத்தை அறுந்த புரியின்மேல் ஏற்றிவைக்கும் வேலையைச் செய்வதே 1995-இல் கண்டறியப்பட்ட இந்த மரபணுவின் புரதம். நான் படித்த பாடமே அம்மாவின் மருத்துவத் தாளில் எழுதியிருந்தது.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று தந்தை வழி, ஒன்று தாய் வழி. அம்மாவின் நல்ல அணுக்களில் ஒரு படி பழுது, மறு படி நலம். அந்த ஒன்றே போதும். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துப் பிணைக்கும் வேலை நடக்கும். எங்கோ ஓர் அணுவில் அந்த நல்ல படியும் கெட்டது. அன்று முதல் அந்த அணு பார்க்காமலே பிணைத்தது. கட்டம் கெட்டது, பிழைமேல் பிழை சேர்ந்து கட்டியாயிற்று. அந்தக் குறையே அதன் பலவீனமும் ஆகும். இரண்டாம் வழியை இழந்த அணுக்களை, பார்ப் என்னும் நொதியைத் தடுத்துக் கொல்லலாம் என்று 2005-இல் இரண்டு குழுவினர் காட்டினர்; அவ்வகையில் ஓலாபாரிப் என்ற மருந்து 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. அம்மாவுக்கு அது வேண்டுமா என்பதை மருத்துவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள்.

இவ்வளவையும் இம்முறை முதல் நாளே சொன்னேன். அம்மா அமைதியாகக் கேட்டார். பிறகு, "அந்தக் கெட்ட படி உனக்கு வந்திருக்குமா?" என்றார்.

"பாதிக்குப் பாதி, அம்மா. தம்பிக்கும் அப்படியே."

பொய் சொல்லியிருக்கலாம். பழுதான படியோடு பிறந்த பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று, பெரும்பாலும் மேல்நாட்டுக் குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2017-இல் கூறியது. அதையும் சொன்னேன். முன்னரே அறிந்தால் ஆண்டுதோறும் பரிசோதித்து, தொடக்கத்திலேயே கண்டுகொள்ளலாம் என்பதையும் சொன்னேன். அம்மா என் தலையை வருடிக்கொண்டே, "தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அறுந்தது அறுந்ததாகத்தான் இருக்கும். நாமே போய்ப் பார்த்துவிடுவோம்" என்றார். 14 நாள் விடை தெரியாமல் வந்தவர் அல்லவா, அவருக்குத் தெரியும்.

சென்ற திங்கட்கிழமை இரத்தம் கொடுத்தேன். உடன் வந்தவர் அம்மா. முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

நம் மன்றத்தில் பலர் பொறியியலும் மருத்துவமும் அறிவியலும் படிக்கிறோம். நாம் படிப்பதெல்லாம் ஆங்கிலத்தில். நம்மைப் படிக்க வைத்தவர்கள் அதைத் தம் உடலிலும் தொழிலிலும் சுமந்துகொண்டு, நம் பக்கத்திலேயே பேசாமல் நடந்து வருகிறார்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்டால், அன்றைக்கே, அவர்களுக்குப் புரியும் சொல்லில் விடை சொல்லுங்கள். என்னைப் போல 14 நாள் தாழ்த்தாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தூர் சென்றிருந்தேன். அம்மா ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். இடக்கை இன்னும் முழுதும் உயர்வதில்லை. நூல் அறுந்தது. நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். "இரு" என்று எந்திரத்தை நிறுத்திவிட்டு, இரண்டு முனையையும் என் கையில் கொடுத்துத் திரிக்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு வரவில்லை. மூன்றாம் முறையும் பிரிந்தது. "அவசரப்படாதே" என்றார் அம்மா.